கடைமடையும் தலைமடையும்

ஒருவர் செய்த தீங்கிற்கு மற்றொருவர் ஈடுசெய்யக் கடமைப்பட்டவரா? அறநெறி நூல்களைக் கேட்டால், இல்லை என்றே விடை வரும். எடுத்தவன் திருப்பித் தர வேண்டும். உடைத்தவன் கட்டித்தர வேண்டும். எடுக்காதவனும் உடைக்காதவனும் முன்வந்து உதவினால் அது அவனுடைய பெருந்தன்மை, கடமை அன்று. கேட்பதற்குத் தெளிவாக இருக்கும் இந்த விடை, தாமிரபரணியின் கரையில் சாக்குப்பையும் கையுறையுமாக நிற்கும் ஓர் இளைஞனை நினைத்த உடனே தடுமாறுகிறது. அவன் பொறுக்கும் நெகிழிப் பைகளில் ஒன்றைக்கூட அவன் எறிந்திருக்க மாட்டான். பின் எந்தக் கணக்கில் அவன் அங்கே நிற்கிறான்? ஈகையா, கடனா?

சில ஆண்டுகளாக நம் பங்குகளிலும் பள்ளி கல்லூரிகளிலும் இத்தகைய பணிகள் பெருகி வருகின்றன. செப்டம்பர் முதல் நாள் தொடங்கி அசிசி நகர்ப் புனித பிரான்சிசின் திருநாளாகிய அக்டோபர் 4 வரை திருச்சபை கொண்டாடும் படைப்பின் காலத்தில் கரையைத் துப்புரவு செய்கிறார்கள். மழைக்கு முன்பு குளத்தங்கரைகளில் பனை விதை ஊன்றுகிறார்கள். வாய்க்காலை மூடிக் கிடக்கும் அமலைச் செடியை இழுத்துக் கரையேற்றுகிறார்கள். இவற்றைப் பார்த்து மகிழ்பவர்கள் உண்டு. அதே அளவுக்குச் சலித்துக்கொள்பவர்களும் உண்டு. "மேலேயிருந்து அழுக்கு வந்துகொண்டே இருக்கும், நாம் கீழே நின்று அள்ளிக்கொண்டே இருக்க வேண்டுமா?" என்று அன்பியக் கூட்டங்களில் கேட்கப்படும் கேள்வியைச் சோம்பேறிகளின் சாக்கு என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதில் நியாயம் இருக்கிறது.

நம் ஆற்றின் அமைப்பே அந்த நியாயத்திற்குச் சான்று. பொதிகை மலையில் பிறந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் கலக்கும் பொருநை, பிறக்கும் இடமும் முடியும் இடமும் தமிழ்நாட்டிற்குள்ளேயே அமைந்த ஆறு. வேறு மாநிலத்தைக் குறை சொல்லி நாம் தப்ப முடியாது. எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரைப் பங்கிடுகின்றன. அவற்றுள் கடைசி இரண்டான மருதூரும் ஸ்ரீவைகுண்டமும்தாம் நம் மாவட்டத்து வயல்களுக்கு வாழ்வு. ஸ்ரீவைகுண்டத்தின் வடகால் கோரம்பள்ளம் குளம் வரை வருகிறது. தென்கால் கடம்பாகுளத்தை நிரப்பித் திருச்செந்தூர்ப் பக்கம் போகிறது. தூத்துக்குடி நகரின் குடிநீரும் வல்லநாட்டுப் பகுதியிலிருந்து குழாய்வழி வரும் இதே ஆற்று நீர்தான். ஆக, பாபநாசத்தில் நீராடியவர்கள் விட்டுச்சென்ற துணியும், நெல்லை மாநகரின் சாக்கடையும் கலந்த பிறகு நம் முறை வருகிறது. உழவர் மொழியில் நாம் கடைமடைக்காரர். தண்ணீரில் மிச்சம் நமக்கு. அழுக்கில் முழுப் பங்கும் நமக்கு.

கடைமடைக்காரனின் மனநிலை ஒன்று உண்டு. தான் எப்போதும் பாதிக்கப்பட்டவன், ஆகவே எப்போதும் குற்றமற்றவன் என்று அவன் நினைத்துக்கொள்வான். முன்பாதி பெரும்பாலும் உண்மை. பின்பாதியைத்தான் நாம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஈகை, கடன் என்ற வேறுபாட்டைத் திருச்சபை எப்படிப் பார்த்திருக்கிறது என்று காண்பது நலம். ஏழைக்குத் தேவையானதைக் கொடுக்கும்போது நம்முடையதைக் கொடையாகத் தரவில்லை, அவர்களுடையதைத்தான் திருப்பித் தருகிறோம் என்னும் கருத்தைப் பெரிய கிரகோரியார் ஆறாம் நூற்றாண்டிலேயே மேய்ப்பர்களுக்கு எழுதி வைத்தார். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணியைப் பற்றி வெளியிட்ட ஏட்டின் 8ஆம் பத்தி இன்னும் கூர்மையானது. நீதியின்படி செலுத்த வேண்டியதை அன்பின் அன்பளிப்பாகக் காட்டிக் கொடுக்கக் கூடாது என்றும், விளைவுகளை மட்டுமல்ல, தீமைகளின் காரணங்களையும் அகற்ற வேண்டும் என்றும் அது கேட்கிறது. நம்மை, பொதுநிலையினரை, நோக்கிச் சொல்லப்பட்டது இது. ஆயினும் நம் மேடைகளில் நான் இதை அதிகம் கேட்டதில்லை.

நம் நாட்டு மரபிலும் இதற்கு இணை உண்டு. தன்னார்வத் தொண்டு என்னும் சொல்லே நமக்குப் புதியது. குளத்தையும் வாய்க்காலையும் தூர்வாரிக் கரை உயர்த்தும் வேலைக்கு முன்னோர் வைத்திருந்த பெயர் குடிமராமத்து. அது விருப்பமுள்ளவர் செய்து புகழ் பெறும் காரியமன்று. நீர் பாய்ச்சிக்கொள்ளும் ஒவ்வொரு குடியும் ஆள் அனுப்பித் தீர்க்க வேண்டிய பங்கு. அந்த வழக்கம் தளர்ந்தபோது, ஆங்கிலேய அரசு 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றைச் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்து அதை நிலைநிறுத்தப் பார்த்தது. சட்டத்தால் வழக்கம் உயிர்பெறவில்லை. தமிழ்நாடு அரசு 2017இல் அதே பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியபோது, பெயர் திரும்பி வந்தது. பங்கு என்னும் உணர்வு எவ்வளவு திரும்பியது என்பதை அவரவர் ஊர்க் குளத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம்.

இங்கே பழமையைப் போற்றிப் பாடும் எண்ணம் எனக்கு இல்லை. குடிமராமத்தின் பங்கு நிலம் உள்ளவர் பெயரில் இருந்தது. மண்வெட்டி பெரும்பாலும் நிலம் இல்லாதவர் கையில் இருந்தது. சேற்றில் இறங்கியவரின் சாதி எது, கரையில் நின்று கணக்குப் பார்த்தவரின் சாதி எது என்று நம் கிராமங்களில் எவரையும் கேட்க வேண்டியதில்லை. இன்றும் நகரத்துக் கழிவை அள்ளுகிறவர்கள் யார் என்பது நமக்குத் தெரியும். ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளும் குனிந்து பிறர் எறிந்த அழுக்கைக் கையால் எடுக்கும்போது, ஆறு எவ்வளவு தூய்மையாயிற்று என்ற கணக்கிற்கு அப்பால் வேறொன்றும் நிகழ்கிறது. குனிதல் சிலருக்கே உரியது என்ற பழைய தீர்ப்பு அந்த ஒரு காலைப்பொழுதாவது தள்ளுபடியாகிறது. அதே பிள்ளை திங்கட்கிழமை தன் தெருவுக்கு வரும் தூய்மைப் பணியாளரை எப்படி அழைக்கிறான், தண்ணீர் கேட்டால் எந்தக் குவளையில் தருகிறான் என்பதில்தான் ஞாயிற்றுக்கிழமையின் உண்மை விளங்கும்.

இனி கடனுக்கு வருவோம். ஒப்புரவு அருட்சாதனத்தைப் பற்றிச் சிறுவயதில் கற்ற ஒன்று நினைவிருக்கும். திருடியதை அறிக்கையிட்டால் மட்டும் போதாது, திருப்பித் தரவும் வேண்டும். சக்கேயு நான்கு மடங்கு தருவதாகச் சொன்னபோதுதான் அவர் வீட்டிற்கு மீட்பு வந்தது. ஆனால் யாரிடமிருந்து எடுத்தோம் என்று தெரியாதபோது யாரிடம் திருப்பித் தருவது? புனித தாமஸ் அக்குவினாஸ் இந்தச் சிக்கலை எடுத்து ஆராய்கிறார். உரியவர் யாரென்று கவனமாகத் தேடிப் பார்க்க வேண்டும். தேடியும் அறிய முடியாவிட்டால், அவர் பொருட்டுத் தருமம் செய்து அந்தக் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது அவர் காட்டும் வழி.

ஆற்றுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். நாம் ஒவ்வொருவரும் ஆண்டுக்கணக்கில் ஆற்றிலும் கடலிலும் சேர்த்த அழுக்குக்குப் பெயரும் முகவரியும் இல்லை. பறித்தவர்களும் நாமே பலர். இழந்தவர்களும் பலர்: ஆத்தூர் வெற்றிலைக்கொடி, கழிமுகத்து மடவை மீன், நாளை பிறக்கப்போகும் குழந்தை. இத்தகைய கடனை எவரும் எண்ணிக் கொடுக்க முடியாது. ஆகவே கரையில் நின்று பொறுக்குவது, முகமறியாத உரியவர்களுக்காகச் செலுத்தும் ஈடு என்று கொள்ளலாம். கொடை என்று எண்ணினால் அதற்கு நன்றி எதிர்பார்ப்போம், படம் எடுத்துக்கொள்வோம், பொன்னாடை போர்த்துவோம். கடன் என்று எண்ணினால் வேலை முடிந்ததும் கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போவோம். கடன் கட்டியவனுக்கு எவரும் மாலை போடுவதில்லை.

ஆனால் அக்குவினாஸ் இட்ட நிபந்தனையை மறந்துவிடக் கூடாது. முதலில் தேட வேண்டும். உரியவரும் தெரிந்து, கேடு செய்தவரும் தெரிந்திருக்கும் இடத்தில் தருமம் ஈடாகாது. ஒரு நகராட்சியின் சாக்கடைக் குழாய் ஆற்றில் திறந்திருப்பதைக் கண்ணால் கண்ட பிறகும், அதன் கீழே நின்று நெகிழிப் பை பொறுக்குவது அறமாகாது. அங்கே செய்ய வேண்டிய தொண்டு வேறு: மனு எழுதுதல், கிராம சபையில் எழுந்து கேட்டல், வழக்காடுதல். இவை துப்புரவுப் பணியைப் போல மனத்திற்கு இதமளிப்பவை அல்ல. சாக்குப்பை நிறைவதைப் போல இங்கே எதுவும் ஒரே நாளில் கண்முன் நிறைவதில்லை. பகையும் வரும்.

ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த பொதுவுடைமை இயக்கத் தலைவர் இரா. நல்லகண்ணு, முதிர்ந்த வயதில் தாமிரபரணியின் மணற்கொள்ளையை எதிர்த்து உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்தார். 2010 டிசம்பரில் அந்நீதிமன்றம் ஐந்தாண்டுகளுக்கு ஆற்றில் மணல் அள்ளத் தடை விதித்தது. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு வண்டலால் தூர்ந்து கிடந்தபோதும், பசுமைத் தீர்ப்பாயத்தின் படியேறிய பிறகே 2015இல் தூர்வாரும் பணி தொடங்கியது. நல்லகண்ணு நம் மறையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் காரணங்களை அகற்றுங்கள் என்று 1965இல் நம் சங்கம் பொதுநிலையினரைக் கேட்டதைப் பொருநைக் கரையில் எவர் செய்தார் என்று பார்த்தால், அவர் பெயர் முன்வரிசையில் நிற்கிறது.

தேடுதல் என்றேன். அதற்கும் ஒரு தொண்டு உண்டு. பலர் அதைத் தொண்டு என்றே கருதுவதில்லை. 2011 முதல் ஆண்டுதோறும் பொங்கலை ஒட்டி, மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம் ஏற்பாடு செய்யும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களின் குளங்களுக்கு மாணவர்களும் ஆர்வலர்களும் போகிறார்கள். விடியும் முன்பே கரையில் நின்று, நாரையும் கூழைக்கடாவும் நாமக்கோழியும் எத்தனை என்று எண்ணி எழுதுகிறார்கள். எண்ணுவதால் குளம் ஒரு சாண்கூடத் தூய்மையாவதில்லை என்று சொல்லலாம். ஆனால் எவ்வளவு இருந்தது, எவ்வளவு குறைந்தது என்று தெரியாமல் கடனை எப்படித் தீர்ப்பது? இது ஆற்றின் மனச்சான்று ஆய்வு. ஒப்புரவுக்குப் போகுமுன் நாம் செய்வதும் இதைத்தானே.

இப்பணிகளோடு வெள்ளக்காலத் தொண்டைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. குளங்கள் உடைந்தன, ஏரலும் ஸ்ரீவைகுண்டமும் தீவுகளாயின, திருச்செந்தூரிலிருந்து சென்னை புறப்பட்ட இரயில் ஏறத்தாழ 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. கடலில் ஓட வேண்டிய படகுகளை மீனவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு வயல்வெளிக்குள் போனார்கள். அன்று எவரும், தண்ணீர் ஏன் வந்தது, யார் குளத்தை ஆக்கிரமித்தார்கள் என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை, நிற்கவும் கூடாது. எரிகோ சாலையில் கிடந்தவனைக் கண்ட சமாரியர் கள்வரைத் தேடிப் போகவில்லை. ஆனால் அதே சாலையில் ஆண்டுதோறும் ஒருவன் அடிபட்டுக் கிடந்தால், ஒவ்வோர் ஆண்டும் எண்ணெயும் திராட்சை மதுவும் எடுத்துச் செல்வதோடு அவருடைய அன்பு நின்றுவிடுமா? ஆபத்துக் காலத்தில் கேள்வி கேட்பது கொடுமை. ஆபத்து நீங்கிய பின்னும் கேளாதிருப்பது வேறொரு கொடுமை.

இப்போது, கடைமடைக்காரன் குற்றமற்றவனா என்று நிறுத்தி வைத்த வினாவுக்குத் திரும்பலாம். ஆற்றின் கணக்கில் நாம் கடைமடை. கடலின் கணக்கில்?

கொற்கை ஒரு காலத்தில் பாண்டியரின் துறைமுகமாக, முத்துக்குப் பெயர்பெற்று, பொருநை கடலில் கலக்கும் இடத்தில் இருந்தது. ஆறு கொணர்ந்த வண்டலால் கடல் விலகிப்போக, கொற்கை இன்று கரையிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே வயல்களுக்கு நடுவில் கிடக்கிறது. பிறகு காயல், பிறகு புன்னைக்காயல், பிறகு தூத்துக்குடி என்று துறைமுகம் இடம் மாறிக்கொண்டே வந்தது. நம் கடற்கரையின் வரலாற்றை எழுதியது இந்த ஆறுதான். இன்றும் ஆற்று நீர் கடலில் "வீணாகக்" கலக்கிறது என்று செய்தித்தாள்கள் எழுதும்போது அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. வெள்ளநீரை வறண்ட நிலத்திற்குத் திருப்பும் திட்டங்களை நான் எதிர்ப்பவன் அல்லன். சாத்தான்குளம் பகுதியின் தாகம் உண்மையானது. ஆயினும் கழிமுகத்தில் இறாலும் மீன் குஞ்சும் வளர நன்னீர் வேண்டும். புன்னைக்காயல் மீனவனுக்குக் கிடைக்கும் பங்கை வீண் என்று சொல்ல நமக்கு உரிமை கொடுத்தது யார்? அவனும் இந்த ஆற்றின் பாசனக்காரன்தான். அவன் வயல் உப்பு நீரில் இருக்கிறது, அவ்வளவே.

அந்த வயலுக்கு நாம் தலைமடை. துறைமுகமும் ஆலைகளும் மீன்பிடித் தளமும் கொண்ட நம் நகரின் கழிவு போய்ச் சேரும் இடம், 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல். தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்திற்காகவும் பல பத்தாண்டுகள் வெட்டி எடுத்தோம். 2001இல் சட்டம் பவளங்களைக் காக்கப்பட்ட உயிரினமாக்கிய பின்னரே அத்தொழில் மெல்ல அடங்கியது. இரண்டு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன. நகருக்கு மிக அருகில் உள்ள வான் தீவு கரைந்து சுருங்கியதால், அதைக் காக்கக் கடலுக்கடியில் செயற்கைப் பாறைகளை இறக்க வேண்டியதாயிற்று. முத்துக்குளித்தலின் கடைசிப் பருவம் 1961. அதன் பிறகு பார்களில் குளிக்கத் தக்க அளவுக்குச் சிப்பி விளையவில்லை. 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் செயற்கை முறையில் முத்து வளர்த்துக் காட்டினார்கள் என்பது பெருமைதான்; கடல் தானாகத் தந்ததற்கு அது ஈடாகிவிடாது. (சிப்பிக்குள் புகுந்த துகளைத் துன்பத்திற்கு உவமையாக்கும் மறையுரைகளைக் கேட்டுக் கேட்டு நாம் சிப்பியையே மறந்துவிட்டோமோ என்று தோன்றுவதுண்டு.) முத்து ஏன் போயிற்று என்பதற்குக் காரணம் ஒன்றல்ல, பழியெல்லாம் நம்முடையது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பழைய வீடுகளின் சுவரைக் கீறினால் முருகைக்கல் தெரியும் ஊர்க்காரர்கள், அழுக்கெல்லாம் மேலிருந்துதான் வருகிறது என்று பேசும்போது சற்றுக் குரலைத் தாழ்த்துவது பொருத்தம்.

இதனால் நெல்லைக்காரரிடம் கேட்கும் உரிமை நமக்கு இல்லாமல் போய்விடாது. நாம் கேட்பதன் தன்மைதான் மாறுகிறது. நம் கீழ்மடைக்கு நாம் என்ன செய்கிறோம் என்று காட்டிவிட்டு மேல்மடையைக் கேட்பவனின் சொல்லுக்கு எடை உண்டு. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில், சிறு செயல்கள் உலகை மாற்றா என்று எண்ண வேண்டாம் என ஓரிடத்திலும், தனியொருவரின் நற்செயல்களைக் கூட்டினால் மட்டும் சமூகச் சிக்கல் தீர்ந்துவிடாது, சமூகமாகவே மனம் திரும்ப வேண்டும் என மற்றோரிடத்திலும் சொல்கிறார். முதலாவதைத்தான் நாம் விரும்பி மேற்கோள் காட்டுகிறோம். இரண்டாவது கடினமானது. கடைமடை ஊர்ப் பங்கும் தலைமடை ஊர்ப் பங்கும், கோவிலும் பள்ளிவாசலும் தேவாலயமும், உழவனும் மீனவனும் ஆலைத் தொழிலாளியும் ஒரே மேசையில் அமர்ந்து, ஒருவர் கடனை மற்றவர் முன்னிலையில் எண்ண வேண்டும் என்பது அதன் பொருள். இளையோர் ஒரு காலையில் முடித்துவிடும் வேலையன்று அது. பெரியவர்கள் பல ஆண்டுகள் மனம் வைக்க வேண்டிய வேலை.

எசேக்கியேல் நூலின் 47ஆம் அதிகாரத்தை நம் கரையில் இருந்து வாசிப்பது ஒரு தனி அனுபவம். ஆறு உப்புக் கடலில் பாய்கிறது. கடல் நலம் பெறுகிறது. கரை நெடுக மீனவர் வலை விரிக்கிறார்கள். சேற்று நிலங்கள் மட்டும் உப்பாகவே விடப்படும் என்ற குறிப்பையும் இறைவாக்கினர் சேர்த்துச் சொல்கிறார். ஆனால் நான் ஒவ்வொரு முறையும் நின்று வாசிப்பது தொடக்க வசனத்தை. அந்த நீர் மலையில் பிறக்கவில்லை. கோவிலின் வாயிற்படிக்குக் கீழிருந்து புறப்படுகிறது.

நம் பனிமய மாதா பேராலயத்தின் திருவிழா ஜூலை 26இல் கொடியேறி ஆகஸ்டு 5இல் நிறைவுறுகிறது. பல ஊர்களிலிருந்தும் வரும் மக்கள் அந்த நாட்களில் உண்டு, குடித்து, எறிந்த தட்டும் குவளையும் மழைநீர் வடிகால்வழி எங்கே போகின்றன என்பது அங்கு வாழ்பவர்களுக்குத் தெரியும். கடல் எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. ஆகஸ்டு 6 காலையில் அந்தத் தெருக்களைப் பெருக்கத் துடைப்பத்தோடு வருபவர்கள் மாநகராட்சியின் தூய்மைப் பணியாளர்கள்.